பாவ் ஹ வான்: செரிமான உருண்டையில் செய்யும் தவறுகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்துக்கு மறுநாளுக்கென்றே செய்தது போன்ற ஒரு சீன மருந்து உண்டு. அதன் பெயர் பாவ் ஹ வான். சீனாவின் செஜியாங் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் ஜூ தான்ஷி (1281–1358) வகுத்த முறை என்று சொல்லப்படுவது. அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பி, புளித்த ஏப்பம் வந்து, சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு வரும் நிலைக்கு இதைக் கொடுப்பார்கள். சீன மருத்துவர் அப்போது நாக்கைப் பார்ப்பார். தடித்த, பிசுபிசுப்பான படிவு இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியம்.

இதை டானிக் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 'செரிமானத்துக்கு நல்லது' என்று கேள்விப்பட்டதும் தினமும் காலையில் நாலு உருண்டை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது தேங்கியதைத் தள்ளும் மருந்து, வலு சேர்க்கும் மருந்து அல்ல. கொஞ்சம் சாப்பிட்டாலே களைப்பு, எப்போதும் பசியின்மை, இளகிய மலம் என்றிருப்பவருக்குச் சீன முறையில் கொடுப்பது ஜின்செங் என்ற வலுவூட்டும் வேர் சேர்ந்த நால்வர் கஷாயம் போன்ற வேறொன்று. அவர் பாவ் ஹ வானைத் தொடர்ந்து சாப்பிட்டால், இருக்கிற தெம்பும் போகும் என்பது அந்த மரபின் கணக்கு. இதில் முள்ளங்கி விதையும் இருக்கிறது. அது ஜின்செங்கின் வேலையைக் கெடுக்கும் என்று பழைய மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கத் தயங்குவார்கள். ஆக, டானிக்கையும் இதையும் ஒன்றாக விழுங்குவது காசுக்குக் கேடு.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஏழு சரக்குகள். அதிகம் சேர்வது ஷான் ஜா என்கிற சிவந்த புளிப்புப் பழம். கொழுத்த இறைச்சி தேங்கினால் அது, பழைய சோறும் மதுவும் தேங்கினால் ஷென் ச்சூ என்ற புளிக்க வைத்த கட்டி, மாவுப் பண்டத்துக்கு முள்ளங்கி விதை என்று வேலையைப் பிரித்திருக்கிறார்கள். மற்றவை ஃபு லிங் பூஞ்சை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், தேக்கத்தால் வரும் சூட்டைத் தணிக்க ஒரு காய், பான் ஷியா கிழங்கு. ஷென் ச்சூவில் கோதுமை இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

பான் ஷியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் சேனையும் இதுவும் ஒரே குடும்பம். பச்சைச் சேனை நாக்கை அரிப்பது போலவே இதுவும், இன்னும் மோசமாக, வாயையும் தொண்டையையும் அரித்து வீங்க வைக்கும். இஞ்சி, படிகாரம் போன்றவற்றோடு பக்குவப்படுத்திய பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். அதனால் பட்டியலைப் பார்த்துச் சரக்குகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே இடிக்கும் ஆசை வேண்டாம். கர்ப்பிணிகள் தாமாக இதைத் தொடக்கூடாது. இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஷான் ஜா இருப்பதைத் தம் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அளவிலும் குழப்பம் வரும். தேன் சேர்த்த பெரிய உருண்டையும் செறிவூட்டிய சிறு மாத்திரையும் எண்ணிக்கையில் சமமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டு சாப்பிட்டார் என்பது உங்களுக்கு அளவாகாது, பாட்டிலில் போட்டிருப்பதைப் பாருங்கள். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ பாட்டிலை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், வெறும் வயிற்றில் ஷான் ஜா பழத்தை நிறையத் தின்பதும் தவறு. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து கல் போலக் கட்டிக்கொண்ட நிகழ்வுகள் சீனாவில் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் காகிதத்தில் சுருட்டி விற்கும் சிவப்பு வில்லைகள் அதே பழத்தில் செய்தவைதான். ஆனால் அதில் சர்க்கரை நிறைய. குழந்தைகள் மிட்டாயாகச் சாப்பிடட்டும், மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.