கியர் லிவர் தொளதொளக்கிறதா? கழற்றிப் பார்த்துவிடலாம்

சிங்கப்பூரில் மேனுவல் கியர் இன்று பெரும்பாலும் வேன், லாரிகளில்தான் மிச்சமிருக்கிறது. வண்டி பழசானால் லிவர் ஆட ஆரம்பிக்கும், மூன்றாவது கியரைத் துழாவ வேண்டிவரும். கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். பல சமயம் தேய்ந்திருப்பது லிவருக்கு அடியில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ்தான். கிளட்சை முழுதாக மிதித்தும் கியர் 'கர்ர்' என்று கடித்தால் மட்டும் அது வேறு நோய்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள் ஓடும். ஒன்று இட வல அசைவுக்கு, மற்றது முன் பின் அசைவுக்கு. நாம் கழற்றப்போவது லிவர் பகுதியை மட்டும். கியர் ஆயிலில் கை படாது.

10, 12 மி.மீ. சாக்கெட், ராட்செட், ஸ்டார் ஸ்குரூடிரைவர், மூக்குக் குறடு போதும். ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருந்தால் ஒரு மூலை கேளுங்கள்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். லிவர் நியூட்ரலில் இருக்கட்டும். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி, லிவரைச் சுற்றி இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது. மஞ்சள் நிற இணைப்பு கண்ணில் பட்டால் அதன் பக்கமே போகாதீர்கள்.

லிவரின் உச்சியிலுள்ள குமிழை (நாப்) இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். (சில ஐரோப்பியக் கார்களில் திருகு இருக்காது, மேலே இழுக்க வேண்டும்.) லிவரின் அடியைச் சுற்றியுள்ள மடிப்பு மறைப்பின் (பூட்) விளிம்பை நெம்பி எடுங்கள். கன்சோல் வராமல் முரண்டு பிடித்தால் எங்கோ ஒரு ஸ்குரூ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கப் வைக்கும் குழியின் விரிப்புக்கு அடியிலும் பக்கவாட்டு மூடிகளிலும் தேடுங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் காது உடையும்.

இப்போது கேபிள்கள் தெரியும். தொடுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் முனையை லிவரின் குண்டு முனையிலிருந்து நெம்பி விடுவித்து, கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் லாட வடிவக் கிளிப்பைக் குறடால் மேலே இழுங்கள். கேபிளின் நீளத்தைச் சரிசெய்யும் பூட்டு இருந்தால் அதைத் திறக்காதீர்கள், அளவு மாறிவிடும். அப்புறம் நான்கு போல்ட், அவ்வளவுதான். மொத்தமாகக் கையோடு வந்துவிடும்.

மேசையில் வைத்து லிவரின் உருண்டையைப் பாருங்கள். பழைய கிரீஸ் பழுப்பேறி மெழுகு மாதிரி இறுகியிருக்கும். அதைத் துடைத்தால்தான் புஷ்ஷின் லட்சணம் தெரியும்: வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தால் ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். லிவரை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் துள்ளும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள். எந்தக் கால் எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரு படம். புது புஷ் போட்டுக் கிரீஸ் பூசும்போது பிளாஸ்டிக்கைத் தின்னாத சிலிகான் கிரீஸ் நல்லது.

மாட்டுவது அப்படியே தலைகீழ் வரிசை. கன்சோலை மூடுமுன் என்ஜினை ஓட்டாமல் கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் விழுகிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டிக்குப் புஷ் தனியாகக் கிடைக்கவில்லையென்றால் பழைய உதிரிபாகக் கடைகளில் முழு லிவர் செட்டாகவே கேட்டுப் பாருங்கள். 10 ஆண்டு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து கழிக்கப்படும் வண்டிகள் இங்கே நிறைய என்பதால் நல்ல நிலையில் ஒன்று அகப்பட வாய்ப்புண்டு.