மைனஸ் ஐ போட்டும் உள்ளே விடாத எஸ்.எஸ்.எச்.

பைத்தான் நிரல் ஒன்று எஸ்.எஸ்.எச். (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் கட்டளை) வழியாக வேறொரு சர்வரில் நுழைந்து கோப்புகளை எடுத்துவர வேண்டும். மைனஸ் ஐ (-i) ஆப்ஷன் கொடுத்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் சாவிக் கோப்பையும் காட்டியாகிவிட்டது. பின்னணியில் சர்வீஸாக ஓடும்போது ஒழுங்காக வேலை செய்தது. என் டெர்மினலிலிருந்து ஓட்டினால் மட்டும் 'டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' (நுழையும் முயற்சிகள் அளவுக்கு மீறித் தோற்றன) என்ற பிழை. வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும்!

சாவிக் கோப்பின் பெர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்), அதில் குறையில்லை. புதுச் சாவி உருவாக்கிப் பார்த்தேன், அதே பதில். சரி, பாஸ்வேர்டையே நிரலிலிருந்து அனுப்பலாம் என்றால், எஸ்.எஸ்.எச். அதை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் (ஒரு நிரலுக்குள் தரவை அனுப்பும் வழக்கமான வழி) வாங்காது. நேராக டெர்மினலிடம்தான் கேட்கும்.

அப்புறம், நடப்பதை விவரமாகக் காட்டச் சொல்லி மூன்று 'வி' (-vvv) போட்டு ஓட்டினேன். 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்று வரிசையாக ஆறு வரிகள். ஒன்றில்கூட நான் கொடுத்த சாவி இல்லை! எல்லாம் ஏஜென்டில் (சாவிகளை நினைவில் வைத்திருந்து எஸ்.எஸ்.எச்.சுக்குக் கொடுக்கும் நிரல்) எப்போதோ ஏற்றி வைத்த பழைய சாவிகள். நாம் காட்டும் சாவி ஏஜென்டில் இல்லாவிட்டால், ஏஜென்டில் இருப்பவைதான் முதலில் போகும். சர்வரில் மேக்ஸ் ஆத் ட்ரைஸ் (ஓர் இணைப்பில் அனுமதிக்கும் முயற்சிகளின் உச்ச எண்ணிக்கை) இயல்பாகவே 6. என் சாவியின் முறை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. சர்வீஸுக்கு ஏஜென்டே இல்லை, அதனால் தப்பித்திருக்கிறது.

கட்டளையில், குறிப்பிட்ட சாவியை மட்டும் காட்டச் சொல்லும் 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' ஆப்ஷனுக்கு 'யெஸ்' கொடுத்தேன். முதல் முயற்சியிலேயே நுழைந்தது. அப்பாடா!

கூடவே 'பேட்ச் மோட்' ஆப்ஷனையும் 'யெஸ்' ஆக்கிவிடுங்கள். சாவி செல்லாவிட்டால் பாஸ்வேர்டு கேட்டு நிரல் தொங்கி நிற்காது. தோல்வியைக் குறிக்கும் 255 என்ற எக்ஸிட் கோடுடன் (கட்டளை முடியும்போது தரும் எண்) உடனே திரும்பிவிடும்.