வேலையைத் துறந்து நிவாரணப் பணிக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரிடர்ச் செய்தியைப் பார்த்த வேகத்திலேயே ராஜினாமாக் கடிதம் எழுதுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இடிபாடுகளிலிருந்து மீட்கப்படுவோரில் பெரும்பாலோரை முதல் சில மணி நேரத்திலேயே வெளியே எடுப்பவர்கள் அக்கம்பக்கத்தார். நீங்கள் போய்ச் சேரும்போது மிஞ்சியிருப்பது பதிவு, விநியோகம், மறுகட்டுமானம் என்று மாதக்கணக்கில் நீளும், செய்தியில் வராத வேலை. அதற்கு மனம் ஒப்புமா என்பதை, முதலில் சம்பளமில்லா விடுப்பில் சென்று சோதித்துக்கொள்ளலாம். வேலையோடு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பது பலருக்குப் பின்னர்தான் உறைக்கிறது.

எந்த அமைப்பிலும் சேராமல் தனியே கிளம்புவதும் தவறு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, தலைநகர் விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே இருந்ததால், உதவிப் பொருள்களோடு வந்த விமானங்கள் சில திருப்பிவிடப்பட்டன. அத்தகைய இடத்தில் தனக்கான உணவுக்கும் படுக்கைக்கும் ஏற்பாடின்றி வந்திறங்குபவர், உதவிக்குக் காத்திருப்போரின் வரிசையில் இன்னொருவராகவே சேர்கிறார்.

மூட்டை சுமந்தால்தான் சேவை என்று எண்ணி, அலுவலகத்தில் கற்றதை ஒதுக்கிவிடுவதே என் கணிப்பில் பெரிய இழப்பு. கிடங்கில் எது வந்தது, எது போனது, யார் கையெழுத்திட்டுப் பெற்றார் என்று பதிவேடு எழுதவும், காலாவதி நெருங்கிய மருந்துப் பெட்டிகளை முன்வரிசைக்கு நகர்த்தி வைக்கவும் தெரிந்த ஒருவர், பல லாரிகளின் சரக்கு வீணாகாமல் காக்கிறார். இதற்குப் பாராட்டு கிடைப்பது அரிது.

ஆனால் அலுவலகத்தின் இலக்குப் பித்தையும் கூடவே கொண்டுபோகக் கூடாது. நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க உதவி அமைப்புகள் 1997-இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டத்தின் கையேடு, தலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அளவு வகுத்திருக்கிறது. கழிப்பறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு இலக்கு எட்டப்பட்டதாக அறிக்கை அனுப்புவது எளிது; உள்ளே தாழ்ப்பாளும் போகும் வழியில் விளக்கும் இல்லாவிட்டால், இருட்டிய பின் பெண்கள் அங்கே போக மாட்டார்கள். உட்புறத் தாழ்ப்பாளும் வெளிச்சமும் வேண்டும் என்பதும், முகாமில் உள்ளவர்களைக் கேட்டே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே கையேட்டில்தான் உள்ளன.

ஆறுதல் சொல்வதாக நினைத்து, நடந்ததையெல்லாம் விவரிக்கும்படி பாதிக்கப்பட்டவரைத் தூண்டித் துருவுவதும் தீங்கே. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, எவரையும் வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாது என்றும், அவராகப் பேச முன்வந்தால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது.