இடியன் துவக்கில் விடாத துரு

அப்பப்பா அந்தக் காலத்தில் மான் வேட்டைக்கு வைத்திருந்த இடியன் துவக்கு (வாய்ப்பக்கமாக வெடிமருந்தை இடித்து நிரப்பிச் சுடும் பழைய துப்பாக்கி), இப்போது அனுமதிப்பத்திரத்தோடு கொழும்பில் கடலோரம் வெள்ளவத்தை வீட்டில் இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் சில நாளில் துரு. கடற்காற்று என்றார்கள். மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஏசி அறை, எதுவும் சரிவரவில்லை.

உற்றுப் பார்த்தால் வாய்ப்பக்கம் சுத்தம். கேப் (அடிபட்டதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் முனையைச் சுற்றியும் குழாயின் அடியிலும்தான் துரு. கடற்காற்றென்றால் முழுக்க அல்லவா பிடிக்கவேண்டும்? காரணம் பழைய கருமருந்து, அதாவது வெடிமருந்து, எரிந்த கசடு. அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும்.

முதலில், மருந்தை இடித்து இறுக்கும் இடிகம்பியை உள்ளே விட்டு அடையாளமிட்டு, வெளியே குழாயோடு வைத்து அளந்தேன். அடிவரை போயிருந்தது, உள்ளே மருந்து இல்லை. அப்புறம் சோப்புக் கலந்த கொதிநீர், கறுப்பு நீங்கித் தெளியும்வரை. சூட்டிலேயே குழாய் காய்ந்ததும் எண்ணெய். மழைக்காலம் போய்விட்டது, துரு வரவில்லை. பெரிய நிம்மதி.