லோரிக்குக் கிரில் கார்டு பொருத்துவது எப்படி? முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள்

தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகிறவர்களுக்கு மாடுதான் முதல் கவலை. பகலெல்லாம் மரத்தடியில் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் சூடு ஆறாத தார்ச்சாலையில் வந்து படுத்துக்கொள்ளும். அடுத்தது காட்டுப்பன்றி. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் லோரி ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், உடைந்த ரேடியேட்டர் கதை ஒன்றாவது கிடைக்கும். அதற்காகத்தான் முன்னால் இரும்புக் கம்பி போடுகிறோம். கிரில் கார்டு, புல் பார் என்று பெயர்கள் உண்டு. (புல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் காளைக்கு அந்தப் பெயர்.) மாடு, பன்றி, தாழ்ந்த கிளை, இவ்வளவுதான் இது தாங்கும். எதிரே இன்னொரு லோரி வந்து மோதினால் இதை நம்பாதீர்கள்.

முதல் வேலை, கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது: லோரியின் தலையை, அதாவது கேபினை, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். இணையத்தில் காட்டுகிற அழகான கார்டுகள் பல அமெரிக்காவின் நீள மூக்கு லோரிக்குச் செய்தவை. நம் ஊர் ஹீனோ, இசுசு, ஃபூசோ எல்லாம் எஞ்சின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் வகை. எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் கேபின் முழுதும் முன்னால் கவிழ வேண்டும். உயரமான கம்பி அசையாமல் நின்றால் அது எங்கே கவிழும்?

நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, பொருத்தினேன், பார்க்க ஜோராக இருந்தது. ஒரு வாரத்தில் கூலண்ட் கசிய, ராத்திரியில் சாலையோரம் தலையைத் தூக்கினால் பாதியில் கம்பியில் இடித்து நின்றுவிட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாலு போல்ட்டையும் கழற்றினேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். கேபினுக்குள் இருக்கும் தண்ணீர் போத்தல், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் இறக்குங்கள். மெதுவாகச் சாய்த்து, முன்முகம் எவ்வளவு தூரம் வெளியே வந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தாங்குகம்பி பூட்டிக்கொள்ளாமல் யாரும் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. அந்த அளவுக்குக் கீழே நிற்கும் குட்டைக் கார்டு, இல்லையென்றால் பூட்டு ஊசியை (பின்) உருவினால் முன்னால் மடங்கும் கார்டு, இந்த இரண்டில் ஒன்றுதான் நமக்குச் சரிப்படும். முன்மூடி திறக்கவும் இடம் வேண்டும். தினமும் காலையில் தண்ணீர் பார்க்கும் வழி அதுதானே!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் கொஞ்சம் உண்டு. கம்பி நெருக்கமாக இருந்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும், மேட்டில் பாரத்தோடு ஏறும்போது சூடேறும். விளக்கு, நம்பர் பிளேட், இழுவைக் கொக்கி மறையக் கூடாது. புதிய லோரிகளில் தானே பிரேக் பிடிக்கும் வசதிக்கு ரேடார் முன்னால் இருக்கும். அதன் எதிரே இரும்பு வந்தால் அது குழம்பிவிடும். அப்புறம், கார்டு போடலாமா என்று ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிற வண்டி, அங்கே போய்க் கழற்றச் சொன்னால் இரட்டைச் செலவு.

பொருத்துவது இரண்டு பேர் வேலை. பிடிப்பு சேசிஸில், அதாவது லோரியின் அடிச்சட்டத்தில், இருக்க வேண்டும். பம்பர் வெறும் தகடு. கேபினோ தன் ஸ்பிரிங்கில் தனியாக ஆடுகிறது. சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பிராக்கெட்டுகளை முதலில் கை இறுக்கமாக மட்டும் மாட்டுங்கள். கார்டைத் தூக்கி வைத்து, நடுவில் நேராக நிற்கிறதா பார்த்த பிறகே ஸ்பேனர் எடுக்க வேண்டும். போல்ட் தலையில் 8.8 என்ற பலத் தரக் குறி பொறித்திருக்கட்டும். 16 மில்லிமீட்டர் போல்ட் ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும். கார்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பிரேக் போடும்போது கேபின் முன்னால் குனியும், அதனால் இடையில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். எவர்சில்வர் கம்பி சாதா இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் வாஷர் போட்டால் துரு குறையும்.

முடிந்ததும் தலையை மறுபடி ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். கம்பி வெளிச்சத்தை மறைக்கிறதா என்று ராத்திரி சுவரில் விளக்கு அடித்துப் பாருங்கள். முதல் முழுப் பாரம் ஆலையில் இறக்கிய கையோடு எல்லா நட்டையும் இன்னொரு சுற்று இறுக்குங்கள், எப்படியும் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். மடங்கும் கார்டு என்றால் பூட்டு ஊசிக்கு மாதம் ஒரு தடவை கிரீஸ். செம்மண் புகுந்துவிட்டால் சுத்தியல் இல்லாமல் அது வெளியே வராது.