லாங் வீக்கெண்டுக்கு பீச் பிளான் போடுறவங்க, வெதர் அவுட்லுக்கோட கடைசி வரிய படிச்சிட்டு புக் பண்ணுங்க

யூகே-க்கு புதுசா வந்தவங்க யாருக்கும் வெதர் ஆப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல, மெட் ஆபீஸ் (இந்த நாட்டு வானிலை மையம்) ஆப்ல ஊர் பேர போட்டா மணிக்கு மணி காட்டும், மஞ்சள், ஆம்பர், சிவப்புனு வார்னிங் வந்தா என்ன ஏதுன்னு நின்னு படிங்க, அவ்ளோதான். ஆனா ஒரு வாரம் ரெண்டு வாரம் தள்ளி பிளான் போட அதே மெட் ஆபீஸ் எழுத்துல ஒரு லாங் ரேஞ்ச் போர்காஸ்ட் போடுவாங்க, அதத்தான் அவுட்லுக்னு சொல்றேன். அஞ்சு நாளுக்கு அப்புறம் பத்து நாளுக்கு ஒரு பாரா, அதுக்கு மேல ரெண்டு வாரத்துக்கு இன்னொரு பாரா. மொத்த நாட்டுக்கும் அதுதான். கார்ன்வால்ல இருக்கவனுக்கும் அபர்டீன்ல இருக்கவனுக்கும் அதே பாரா.

அதுல ‘அபவ் ஆவரேஜ்’னு பாத்ததும் நம்மாளுங்க குதிப்போம். ஏப்ரல்ல இங்க பகல் ஆவரேஜே 12 டிகிரி பக்கம்தான், அதுக்கு மேலன்னா என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

சரி, நான் மாட்டுன கதைக்கு வர்றேன். மே மாசம் முதல் திங்கக்கிழமை பேங்க் ஹாலிடே. தூத்துக்குடில இருந்து அம்மா வந்திருந்தாங்க, வந்த நாள்ல இருந்து கடல பாக்கணும் கடல பாக்கணும்னு ஒரே பாட்டு, லெஸ்டர்ல கடலுக்கு நான் எங்க போவேன். அவுட்லுக்க பாத்தா ஹை பிரஷர் (காத்தழுத்தம் ஜாஸ்தி), டிரை, செட்டில்டு (நிலையான வானிலை), நல்ல வெயில். உடனே கிழக்குக் கரைல இருக்க விட்பில ரெண்டு நாளுக்கு ரூம் போட்டேன், கேன்சல் பண்ணா பைசா திரும்பாதுங்கற ரேட்ல, ஏன்னா அதுதான் சீப். ஜாக்கெட்டெல்லாம் வீட்லயே விட்டாச்சு, பசங்க அரை டவுசர்.

யார்க்‌ஷயர் மூர்ஸ் ஏறுற வரைக்கும் கண்ணாடிய இறக்கிட்டு போனோம், கார்ல 20 டிகிரி காட்டுச்சு. விட்பி பக்கம் இறங்குறப்ப முன்னாடி வெள்ளையா சுவர் மாதிரி நிக்குது, உள்ள நுழைஞ்சதும் 10 டிகிரி. கடல் எங்கன்னே தெரியல, அல சத்தம் மட்டும் கேக்குது. அம்மா சேலைய இழுத்து போத்திக்கிட்டு, “எய்யா, இது கடலா ஐஸ் பெட்டியா”ன்னாங்க.

அங்க உள்ளவங்க இத சீ ஃப்ரெட்னு சொல்றாங்க, ஸ்காட்லாந்து பக்கம் ஹார்னு பேரு. நமக்கு கடல் காத்துன்னா மத்தியான வெயிலுக்கு தெய்வம், இங்க வசந்த காலத்துல அது அப்படியே தலகீழ். குளிர்காலக் குளிரு வடகடல் தண்ணிய விட்டு லேசுல போகாது, ஏப்ரல் மே-ல தரை சூடானாலும் தண்ணி ஜில்லுனுதான் கெடக்கும், அது மேல சூடான ஈரக் காத்து வந்தா பனிமூட்டமாகிடும், கிழக்குக் காத்து அத அப்படியே கரைக்கு தள்ளிட்டு வந்துரும். கொஞ்ச மைல் உள்ள தள்ளி ஊரே வெயில் காயும். அன்னைக்கு மேற்குக் கரைல இருக்க பிளாக்பூல் போன ஃப்ரெண்டு ஐஸ்கிரீமோட போட்டோ அனுப்புறான், எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

ராத்திரி ரூம்ல உக்காந்து அதே பாராவ திரும்ப படிச்சேன். கிழக்குக் கரையோரம் மட்டும் குளிரா இருக்கும், மூடுபனி வரலாம்னு கடைசி வரில எழுதித்தான் இருந்துச்சு, நான்தான் ‘செட்டில்டு’ங்கற வார்த்தையோட நிறுத்திட்டேன். அதனால ஸ்பிரிங்ல ஹை பிரஷர்னு பாத்தா காத்து எந்தப் பக்கமிருந்துனு தேடுங்க, கிழக்குல இருந்துன்னா பேசாம மேற்குக் கரைக்கு வண்டிய விடுங்க, வேல்ஸ், டெவன், எதுவோ. ரூமும் கேன்சல் பண்ற மாதிரியே போடுங்க, பத்து பவுண்டு கூடனாலும் பரவால்ல. பசங்களுக்கு அங்கயே வாங்குன ஹூடிக்கு நான் கொடுத்த காசு அத விட ஜாஸ்தி.

அம்மா ஊருக்கு போயாச்சு. லண்டன் கடல் எப்படி இருந்துச்சுன்னு பக்கத்து வீட்ல கேட்டாங்களாம் (அவங்களுக்கு இந்த நாடு மொத்தமும் லண்டன்தான்), “சத்தம் மட்டும் கேட்டேன்”னு சொல்லிருக்காங்க.