கத்திரி வெயிலில் மனநல மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொள்வது எப்படி

கத்திரி வந்தால் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். பகலில் காய்ந்த பாறை மலையும் கான்கிரீட் தளமும் ராத்திரியிலும் அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் ஏப்ரல் மாதமே தயாராகிவிடுங்கள்.

முதல் வேலை, மாத்திரை அட்டையைப் பார்ப்பது. அதில் லித்தியம் என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வியர்வையில் உப்பும் நீரும் போகப் போக, சிறுநீரகம் மிச்சமிருக்கும் உப்பை இறுக்கிப் பிடிக்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். தினமும் போடும் அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். டம்ளரைத் தூக்கும்போது கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கித் தண்ணீர் சிந்துகிறதா? வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறல் இருக்கிறதா? அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெயில் மயக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

கோடை தொடங்கும்போதே லித்தியம் அளவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ராத்திரி 9 மணிக்கு மாத்திரை போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். 12 மணி நேர இடைவெளி முக்கியம். காலை மாத்திரையை அதற்குப் பிறகே போட வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். வெயில் தலைவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அவையும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் போதும்.

குளோசாபின், ஓலன்சாபின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் போன்றவை வேறு விதத்தில் படுத்தும். உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வேலையை இவை கெடுக்கும். சிலருக்கு வியர்வை குறையும், தாகமே தெரியாது. கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நீங்களே நீட்டுங்கள். இதய, சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தூக்கம் அடுத்தது. இருமுனை நோய் (மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே மனக்கிளர்ச்சி, அதாவது அந்த மிதமிஞ்சிய உற்சாகம், கிளம்பிவிடும். தினத்தாள் காலண்டரில் அன்றன்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எழுதுங்கள். இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் 4 மணி நேரத்துக்கும் குறைவு, ஆனாலும் களைப்பில்லை, பேச்சு ஓயவில்லை என்றால் மூன்றாம் ராத்திரிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஷீட்டுக் கூரை வீட்டில் காற்றாடி அனலைத்தான் சுற்றிவிடும். அரை வாளித் தண்ணீர் போதும்: துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் கையிலும் போட்டு, பிறகு காற்றாடியை ஓடவிடுங்கள். மொட்டை மாடியில் படுப்பதானால் பொழுது சாய்ந்ததுமே தண்ணீர் தெளித்து, தளம் காய்ந்த பிறகு பாயை விரியுங்கள்.

உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, சம்பந்தமில்லாமல் பேசினால், பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் இறங்கியதும் மாத்திரை அட்டைகளையும் அந்தக் காலண்டர் தாள்களையும் முதலில் நீட்டுங்கள்.